சுவருக்கு ஒரு கரை

சேலைக்குக் கரை எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. சுவருக்குக் கரை எதற்கு என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். நிலமும் சுவரும் முட்டுகிற இடத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு வீடு முழுதும் ஓடுகிற பட்டியைத்தான் சொல்கிறேன். மேசன்மார் அதை ஸ்கேட்டிங் என்பார்கள். ஆங்கிலத்தில் பாவாடையைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர். சுவர் உடுத்தியிருக்கும் பாவாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் புதிது, வேலை பழையது. எனது அம்மா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். காம்பராவின் மண் நிலத்தைச் சாணத்தால் மெழுகும்போது அவர் கையை நிலத்தோடு நிறுத்த மாட்டார். சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி இழுத்துவிட்டுத்தான் கையை எடுப்பார். 1977 கலவரத்துக்குப் பின் குடும்பம் வன்னிக்கு வந்து, கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடிசை போட்டபோது அந்த ஒரு சாணும் கூடவே வந்தது. "தண்ணி பட்டா சுவரு அடியிலதான் மொதல்ல கரையும்" என்பார். சீமெந்து வந்த பிறகு அந்த இடத்துக்குச் சிவப்பு அல்லது கறுப்புச் சாயம் கலந்த சீமெந்துப் பட்டி வந்தது. அதன் பிறகு டைல்ஸ். துரைமார் பங்களாக்களில் மரப்பலகை.

ஒரு வீட்டில் அதிகம் அடிவாங்குவது சுவரின் அடிதான். தும்புத்தடி தினமும் அதில்தான் முட்டுகிறது. நிலம் துடைக்கும் அழுக்குத் தண்ணீர் அதில்தான் தெறிக்கிறது. கதிரைக் கால், பிள்ளையின் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் உரசுவதும் அங்கேதான். இன்னொரு காரணமும் உண்டு. நிலத்துக்குப் போட்ட சீமெந்து காயும்போது சுருங்கும். சுருங்கும்போது சுவரை விட்டு ஒரு நூல் விலகும். எறும்பும் கறையானும் வருவதும், கழுவுகிற தண்ணீர் உள்ளே இறங்குவதும் அந்த நூல் இடைவெளியால்தான். கரை அந்த வாயை மூடுகிறது. அழகெல்லாம் பிறகு.

போருக்குப் பின் கட்டிய எங்கள் வீடுகளில் அநேகமாக விடுபட்டதும் இந்தக் கரைதான். எங்கள் பகுதிகளில் வீடுகள் எப்படி எழும்பின என்பது வாசகியருக்குத் தெரியும். இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டன. வடக்கு கிழக்கில் 2012 ஒக்டோபரில் தொடங்கிய முறையில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய், கட்டம் கட்டமாக. வேறு திட்டங்களிலும் அத்திவாரம், சுவர், கூரை என்று படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டித்தான் அடுத்த பணம். கரை இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் குடியிருக்கலாம். ஆகவே கையிருப்பு வற்றும்போது முதலில் கைவிடப்படுவது அது. ஐந்தாறு மாரி போன பிறகு போய்ப் பாருங்கள். நிலத்தில் இருந்து ஒரு முழ உயரத்துக்குப் பூச்சு ஊதி, உமிந்து, தும்புத்தடியோடு மண்ணாக வந்துகொண்டிருக்கும்.

எனது வீடும் கட்டம் கட்டமாகக் கட்டியதுதான். 2013 இல் பூச்சு வேலை பாதியில் இருக்கும்போது, பிடித்திருந்த பாஸ் வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். வீட்டில் ஆண் துணை இல்லை. கல் சுமந்ததும் சாந்து குழைத்ததும் நான்தானே என்று சாந்தகப்பையையும் நானே எடுத்தேன். பக்கத்து வளவில் இருந்த வயதான மேசன் ஐயா கதிரையில் இருந்தபடியே சொல்லித்தந்தார். கண் மங்கிவிட்டது, ஆனால் மணியாசக்கட்டை தேய்க்கும் சத்தத்தை வைத்தே "பிள்ளை, அந்த இடம் இன்னும் ஈரம்" என்பார். என் வீட்டுக் கரையைப் பார்த்து அயலில் இரண்டு பேர் கேட்டார்கள். அப்படியே இது எனக்குத் தொழிலாயிற்று. பெரிய மேசன்மாருக்கு இது பிடிக்காத வேலை. நாள் முழுதும் முழங்காலில் இருக்க வேண்டும், அடிக் கணக்கில் வரும் காசு குறைவு, சிறு கோணலும் கண்ணில் குத்தும். அவர்கள் தட்டிக்கழித்த இடத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. கோவம் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குப் பழைய செருப்பு ரப்பரை வெட்டிக் கட்டிக்கொண்டால் சமாளிக்கலாம்.

வஹகோட்டைக்கு நான் போனது 2023 இல். மாத்தளையில் தோட்டத்தோடு தங்கிவிட்ட அத்தை ஒருவர் எனக்கு உண்டு. அவர் சைவம்தான், ஆனால் வருடத்தில் நாலைந்து செவ்வாய்க்கிழமை வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தாமல் இருக்க மாட்டார். அங்கே பழக்கமான ஒரு சிங்கள அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சொன்னவரே பிறகு என்னிடம், "பொம்பளப்புள்ள கரண்டியத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். மகளின் உயர்தர வகுப்புக் காசை யார் கட்டுவார் என்று நான் கேட்கவில்லை. அத்தைக்கும் தெரியும்.

வஹகோட்டை கலேவலைப் பக்கத்து ஊர். கண்டி அரசர் காலத்தில் சிறைபிடிக்கப்பட்ட போர்த்துக்கேயரைக் குடியிருத்திய இடம் என்று வரலாறு சொல்கிறது. அவர்கள் அங்கேயே பெண் எடுத்து, வயல் செய்து, சிங்களம் பேசும் ஊராகிவிட்டார்கள். வேதத்தை மட்டும் விடவில்லை. 1687 இல் இலங்கைக்கு வந்து கண்டி நாட்டில் பணிசெய்த யோசவ் வாஸ் அடிகளார் வரும்வரை குருவானவர் இல்லாமலே செபம் சொல்லி வந்தவர்கள். அந்த அடிகளாரைத்தான் 2015 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக்கினார். யுத்தக் கைதிகளின் ஊர் என்று அத்தை சொன்னபோது எனக்கு மெனிக்பாம் நினைவு வந்தது. முட்கம்பிக்குள் இருந்தவர்களும் ஒரு காலத்தில் ஊராகிறார்கள்.

அந்த அம்மாவை நான் அம்மே என்றேன். அவர் என்னைத் துவ, மகள் என்றார். அப்பாவிடம் பிடித்த அரைகுறைச் சிங்களம் எனக்கு உண்டு. வராத இடத்தில் போர்த்துக்கேயர் கைகொடுத்தார்கள். அலுமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் அவர்கள் தந்த சொற்கள்தானே. தமிழிலும் சிங்களத்திலும் வால் மட்டும் வேறு. லயத்துக் 'காம்பரா'வும் அவர்களுடையதுதான்.

அம்மேயின் மகள் இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறார். திருவிழாவுக்கு உறவுகள் வருவதற்கு முன் வீடு முழுதும் மரப்பலகைக் கரை அடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீடியோ அழைப்பில், தான் துடைக்கும் வீட்டின் கரையைக் காட்டினார். அந்த நாட்டில் அதற்கு 'பத்திஸ்கோப்பா' என்று பெயராம். தும்புத்தடி முட்டுகிற இடம் என்று அர்த்தம். கேட்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. வீடு கூட்டுகிறவள் யாரோ வைத்த பெயராகத்தான் இருக்கும். "அக்கா, ஒவ்வொரு கிழமையும் முழங்காலில் இருந்து இதைத் துடைக்கிறேன். என் அம்மாவின் வீட்டிலும் இது இருக்க வேண்டும்" என்றார் அந்தப் பிள்ளை.

ஆசை நியாயமானது. வீடுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அது இரண்டு காலத்து வீடு. முன்பக்க ஹோல் பிற்காலத்தில் தார் பூசிய ஈரத்தடுப்புப் படை போட்டுக் கட்டியது. பின்னால் உள்ள மூன்று அறைகளும் அம்மேயின் மாமனார் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அவற்றுக்கு ஈரத்தடுப்பு இல்லை. சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. இதைப் பார்த்தவுடன் பலகையைப் பற்றி நினைக்கக் கூடாது. முதலில் ஒரு சோதனை செய்ய வேண்டும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு சதுர அடி பொலித்தீனைச் சுவரின் அடியில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அது அறையின் காற்றில் உள்ள ஈரம், ஜன்னலைத் திறந்தால் போதும். அம்மேயின் அறைகளில் உள்பக்கம் துளி துளியாக நின்றது.

காரணம் வெளியே இருந்தது. வருடா வருடம் முற்றத்துக்கு மண் போட்டுப் போட்டு, வெளி மண் வீட்டு நிலத்தை விட நான்கு விரல் உயர்ந்துவிட்டது. கூரைத் தண்ணீர் விழுந்து சுவரோடு தேங்குகிறது. செங்கல் திரியைப் போல அதை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. இந்தச் சுவரில் பலகை அடித்தால் பலகையின் முதுகு எப்போதும் ஈரமாக இருக்கும். முதலில் பூஞ்சணம், பிறகு கறையான். கறையானுக்கு ஈரமும் இருட்டும் மண்ணோடு தொடர்பும் வேண்டும். மூன்றையும் நாமே பலகைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தது போல ஆகும். சிலர் பலகை வேண்டாம், கடும் சீமெந்தால் அடித்துவிடலாம் என்பார்கள். அதுவும் இந்தச் சுவருக்கு ஆகாது. சுண்ணாம்புச் சுவரின் அடியைச் சீமெந்தால் இறுக்கினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நான்கு அங்குலத்தில் இருந்த உமிதல் இரண்டு அடியில் வரும்.

எனக்கு முன் வந்து பார்த்த ஒரு பாஸ் எல்லா அறைக்கும் இரண்டு நாளில் பலகை அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் சொன்னதோ முன் ஹோலுக்கு மட்டும் இப்போது பலகை, மற்றதற்கு முதலில் வெளியே கான் வெட்ட வேண்டும், இரண்டு மாதம் சுவரைக் காயவிட வேண்டும் என்பது. திருவிழாவுக்கு முடியாது. மகளுக்குப் பிடிக்கவில்லை. "காசு நான் தருகிறேன், கேட்டதைச் செய்தால் என்ன?" என்றார். கேட்டதைச் செய்துவிட்டு வந்திருந்தால் ஒன்றரை மாதச் செலவு எனக்கு ஒரே கிழமையில் கிடைத்திருக்கும். அடுத்த மாரியில் அந்தப் பலகை ஊதும்போது நான் கிளிநொச்சியில் இருப்பேன். ஆனால் பெண் செய்த வேலை இப்படித்தான் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு நிற்கும், எனக்குப் பின்னால் கரண்டி தூக்கப் போகிற இன்னொருத்திக்கும் சேர்த்து. யோசிக்க நேரம் தாருங்கள் என்று மகளிடம் அம்மேதான் சொன்னார். மறுநாள் காலையில் அயல்வீட்டுப் பொடியன் மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றான். கான் வெட்டத் தொடங்கியாயிற்று.

ஹோல் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரக்கரை அடிக்கத் தெரிந்த பெண்கள் எங்களிடையே குறைவு. கற்றுக்கொண்டால் நகர்ப்புற வீடுகளில் வேலை இருக்கிறது.

பலகை நான்கு அங்குல அகலம், அரை அங்குலக் கனம். தேக்கு எங்கள் கைக்கு எட்டாது. நன்றாகக் காய்ந்த மகோகனி எடுத்தோம். அல்பீசியா மலிவு என்று ஆசைப்படாதீர்கள், கறையானுக்குச் சோறு. வாங்கிய பலகையை உடனே அடிக்கக் கூடாது. எந்த அறையில் அடிக்கப் போகிறோமோ அதே அறையில் ஒரு கிழமை அடுக்கி வைத்தால் வளைவது எல்லாம் முதலே வளைந்துவிடும். பலகையின் முதுகுக்குத்தான் மருந்து முக்கியம். சொலிக்னம் இரண்டு தடவை பூசி, காய்ந்த பின் வார்னிஷும் ஒரு தடவை. முகத்தை எல்லோரும் பூசுகிறார்கள், முதுகை விட்டுவிடுகிறார்கள். சொலிக்னம் பூசும்போது கையுறை போட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

எந்தச் சுவரும் நேர் இல்லை, எந்த நிலமும் மட்டம் இல்லை. இதை ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நிலம் ஏறி இறங்குகிற இடத்தில் பலகையை மட்டமாக நிறுத்தி, ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலை வைத்துக் கட்டையை நிலத்தோடு தள்ளிக்கொண்டே போனால் நிலத்தின் நெளிவு அப்படியே பலகையில் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குச் சீவினால் பலகை நிலத்தில் உட்காரும். முழுவதும் உட்கார விடவும் கூடாது. ஒரு தீக்குச்சிக் கனம் இடைவெளி விட்டு, பிறகு சிலிக்கனால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கும் தண்ணீரைப் பலகையின் அடி உறிஞ்சும். சுவர் புடைத்திருந்தால் பலகையை வளைத்து அமுக்காதீர்கள், புடைப்பைச் செதுக்குங்கள். வளைத்து அடித்த பலகை ஒருநாள் ஆணியைப் பிடுங்கும்.

மூலைதான் பரீட்சை. உள்மூலையில் ஒரு பலகையைச் சுவரோடு முட்ட விட்டு, மற்றதை அதில் பொருத்தினால் போதும். வெளிமூலையில் இரண்டையும் சாய்த்து வெட்ட வேண்டும். கணக்குப்படி 45 பாகை. ஆனால் சுவரின் மூலை 90 ஆக இருந்தால்தானே! நல்ல பலகையில் கைவைக்க முன் இரண்டு துண்டுப் பலகையை வெட்டிப் பொருத்திப் பார்ப்பது எனது வழக்கம். நீளச் சுவரில் இரண்டு பலகை சேருமிடத்தையும் சாய்த்து வெட்டி ஒன்றின் மேல் ஒன்று படிய விட்டால், மரம் சுருங்கினாலும் பிளவு தெரியாது. முந்திய காலத்தில் சுவரில் மரக்கட்டை புதைத்து அதில் ஆணி அடித்தார்கள். இப்போது இரண்டு அடிக்கு ஒரு துளை, பிளாஸ்டிக் பிளக், திருகாணி. ஆணித் தலையைச் சற்று உள்ளே இறக்கி, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து மூடினால் இடம் தெரியாது. துளை போட முன் பிளக் பொயின்ற் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடலாம்.

ஹோலை முடித்த அன்று மகள் இத்தாலியில் இருந்து மூலை மூலையாகக் காட்டச் சொன்னார். போனை நிலத்தோடு பிடித்துக்கொண்டு நான் முழங்காலில் சுற்றி வந்தேன். கடைசியில், "அக்கா, தூசு இருக்கிற மாதிரித் தெரிகிறது" என்று சிரித்தார். கோபம் போயிருந்தது.

நடு அறையில் ஒரு பெரிய அலுமாரி. அதை நகர்த்தலாமா என்று கேட்டபோது அம்மே முதலில் பதில் சொல்லவில்லை. நான் வந்த முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டிருந்தார். கிளிநொச்சி என்றேன். "முல்லைத்தீவுக்குக் கிட்டவா?" என்றார். கிட்டத்தான் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேல் சீருடையில் ஒரு பையனின் படம் இருந்ததை நானும் பார்த்திருந்தேன், நானும் கேட்கவில்லை.

1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான இராணுவத்தினர் இறந்தார்கள். பலரின் உடல் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பையனும் அந்த முகாமில் இருந்தவன். அலுமாரி அவனுடையது. இருபத்தேழு வருடம் அது நகரவில்லை. அந்த வருடம் எனக்குப் பதினாறு வயது. செப்டெம்பரில் கிளிநொச்சியை இராணுவம் பிடிக்க, நாங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தோம். 2009 மேயில் இருந்து எனது கணவரும் இல்லை. அவருடைய ஒரு சேர்ட்டும் அடையாள அட்டைப் பிரதியும் பொலித்தீன் பையில் என்னிடம் இருக்கின்றன. இதை நான் அம்மேக்குச் சொன்னேன். 2018 இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் படையினரின் குடும்பங்களும் பதியலாம் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார்.

பின்னால் நிலத்தின் நூல் இடைவெளியில் இருந்து பென்சில் கனத்தில் ஒரு மண் குழாய் சுவரில் ஏறி, அலுமாரியின் முதுகுப் பலகைக்குள் போயிருந்தது. கறையான்தான். கீழ்த்தட்டில் இருந்த பாடசாலைக் கொப்பிகளின் ஓரம் போய்விட்டது. மேல்தட்டில் கடிதங்கள். அங்கே இன்னும் எட்டவில்லை. அம்மே ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு. எல்லாம் இருந்தன. கொப்பிகளை நாங்கள் வெயிலில் பாய் விரித்துப் பரப்பினோம். அன்று வேறு வேலை நடக்கவில்லை.

திருவிழாவுக்கு வந்தவர்கள் பின் அறைகளின் திறந்த செங்கல்லைப் பார்த்துக் கேட்டதாக அம்மே சொன்னார். உமிந்த பூச்சை ஒரு முழ உயரத்துக்கு நான் கொத்தி எடுத்திருந்தேன். செங்கல் காற்றுப்பட்டுக் காய வேண்டும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷால் தட்டி அள்ள வேண்டும். நல்ல காலம், கலேவலைப் பக்கம் யூன் முதல் செப்டெம்பர் வரை வெயிலும் காற்றும்தான். ஓகஸ்டில் நான் திரும்பிப் போனபோது பொலித்தீன் சோதனையில் ஒரு துளியும் இல்லை.

அந்த அறைகளுக்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். இளகிய கலவை, சுவர் மூச்சு விடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பே அடிக்கச் சொன்னேன். கரைக்கு மட்டும் சிவப்புச் சாயம். நிலமும் சுவரும் சேரும் மூலையை ஒரு வெறும் போத்தலால் இழுத்து வளைத்துவிட்டேன், அழுக்கு தங்காது.

உங்கள் வீடு சீமெந்துக் கல்லால் ஈரத்தடுப்போடு கட்டியது என்றால் இவ்வளவு பாடு இல்லை. ஒன்றுக்கு மூன்று கலவை, அரித்த மணல், அரை அங்குலக் கனம். சுவரின் அடியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, பிறகு பூசுங்கள். மேல் கோட்டுக்கு, தண்ணீர் நிரப்பிய தெளிந்த ரியூப்பால் மட்டம் எடுத்து, சாயம் தொட்ட நூலைத் தட்டிவிட்டால் கோடு விழும். ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் வாசலைக் கழித்தால் முப்பத்தேழு அடி. அதற்குப் பத்துக் கிலோ சீமெந்துக்குள் முடியும். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ மூட்டை 2022 இல் மூவாயிரத்தை நெருங்கியபோதுகூட, ஒரு மூட்டையை மூன்று நான்கு பேர் பங்கு போட்டு எங்கள் ஒழுங்கையில் பெண்கள் செய்து முடித்தார்கள்.

டைல்ஸ் என்றால் இரண்டு அடிச் சதுர டைல் ஒன்றில் ஏறக்குறைய நான்கு அங்குலத் துண்டு ஆறு வரும், பன்னிரண்டு அடிக்குப் போதும். உடைந்த, மிஞ்சிய டைலைக் கடையில் மலிவாகக் கேட்கலாம். வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டுங்கள், வாயையும் மூக்கையும் கட்டுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. பணம் சேர்க்கப் போய் இருமல் சேர்த்த ஆட்களை நான் அறிவேன்.

நடு அறை முடியும் தறுவாயில், அலுமாரி நிற்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதைப் பூசலாமா என்று அம்மேயைக் கேட்டேன். அநேக வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள், யாருக்கும் தெரியாத இடம், காசு மிச்சம். அவர் வேண்டாம் என்றார். அங்கேதான் முதலில் பூச வேண்டும் என்றார். பூசினேன். அலுமாரியை நான்கு செங்கல்லில் ஏற்றி, சுவரில் இருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தோம். டோர்ச் அடித்துப் பின்னால் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்ப்பதாகச் சொன்னார்.

கணக்குப் பார்க்கும்போது நான் அந்த ஆறு அடியை எழுதவில்லை. அம்மே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தானே அளந்து, ஆறையும் சேர்த்து எழுதச் சொன்னார்.